சினிமா சென்சார் முன்பைவிட இப்போது தளர்ந்துவிட்டதா? யுஏ 13+, 16+ என்று போடுவதை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

தளரவில்லை என்பது என் எண்ணம். கத்தரி இடம் மாறியிருக்கிறது. முன்பு கண்ணில் படுவதை வெட்டினார்கள், இப்போது காதில் விழுவதை வெட்டுகிறார்கள்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அப்பா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். படம் ஆரம்பிக்கும்போது திரையில் வரும் சென்சார் சர்டிபிகேட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், ரீல் எண்ணிக்கை. 17 என்றால் விசில் பறக்கும், 13 என்றால் "அட போங்கப்பா" என்று மணலைக் குவித்துச் சாய்ந்துவிடுவார்கள். யு-வா ஏ-யா என்பதெல்லாம் போஸ்டரிலேயே தெரிந்துவிடும் சமாச்சாரம்.

அந்த யு, ஏ பிரிவே 1949இல் சட்டத்தைத் திருத்தியபோது வந்ததுதான். அதற்கு முன்பு வெள்ளைக்காரன் காலத்தில் அவனுக்கு இருந்த பயம் வேறு. 1921இல் வந்த ஒரு மௌனப் படத்தில் விதுரர் காந்தி மாதிரி குல்லாவும் கதருமாக வந்தார் என்று சென்னையில் தடை போட்டார்கள். பெண் எத்தனை முழம் சேலை கட்டியிருக்கிறாள் என்பதைவிடக் குல்லாதான் அவனுக்குப் பெரிய பிரச்சினை.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1951 ஜனவரியில் மத்திய வாரியம் வந்தது. அதே வருடம் 'மர்மயோகி'க்கு ஏ கொடுத்தார்கள், தமிழில் முதல் ஏ படம் அது. காரணம் பேய்! போன வருடம் என் மகளோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். பேய் வந்து நின்றதும் "இவர்தானாப்பா?" என்று கேட்டுவிட்டு முறுக்கைக் கடித்தாள். இந்த ஒரு படத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, தளர்ந்துதான் போயிருக்கிறது.

ஆனால் அடுத்த வருடமே, 1952 தீபாவளிக்கு, மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்தார்கள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்களில் ஒன்று என்று இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெருமை பேசும் தியேட்டர். முதல் படம் 'பராசக்தி'. தடை செய்யச் சொல்லி அப்போதே சத்தம் போட்டார்கள், ஆனாலும் படம் ஓடியது. அந்தக் கோயில் காட்சியையும் கோர்ட் காட்சியையும் இன்றைக்கு ஒரு புது டைரக்டர் அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு போனால் எத்தனை இடத்தில் மியூட் விழும், எத்தனை ஊரில் வழக்குப் போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேய் விஷயத்தில் அவர்கள் நம்மைவிடப் பயந்தவர்கள், பேச்சு விஷயத்தில் நாம்தான் பயந்தாங்கொள்ளிகள்.

எண்பதுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அப்பாவே கோபித்துக்கொள்வார். அப்போது 'ஏ' என்பது எச்சரிக்கையாகவா இருந்தது? விளம்பரமாக இருந்தது. "கண்டிப்பாக வயது வந்தவர்களுக்கு மட்டும்" என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டால்தான் இரண்டாம் ஆட்டம் நிறையும். சர்டிபிகேட்டின் பின்பக்கத்தில் எந்த ரீலில் எதை வெட்டினார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும், அதைப் படித்தாலே பாதிப் படம் பார்த்த மாதிரி. வெட்டியது அங்கே, ஒட்டியது இங்கே. படப் பெட்டியோடு சேராமல் தனியாக ஒரு சின்ன டப்பா வரும், அதுதான் 'பிட்'. பெரும்பாலும் அந்தப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இடைவேளைக்கு அப்புறம் ஹீரோயின் காபி போடப் போவாள், திடீரென்று வேறு ஊர், வேறு பெண், வேறு வெளிச்சம், மூன்று நிமிடம் கழித்து காபி வந்துவிடும். முதலாளி சொன்னால் ஒட்டித்தான் ஆக வேண்டும், அப்பா ஒட்டியிருக்கிறார், அதை அவர் மறைத்ததும் இல்லை. செக்கிங் வருகிறது என்று தகவல் வந்தால் அந்தத் துண்டைப் பிய்த்துக் கார்பன் குச்சி டப்பாவுக்குள் போட்டுவிடுவாராம். சென்னையில் உட்கார்ந்து வெட்டுகிறவர்களுக்கும் எங்கள் கொட்டகைத் திரைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தது. தரம், தரம் என்று காகிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துப் பேசினால் இது விட்டுப்போகும்.

யுஏ வந்தது 1983இல். வாரியத்தின் பெயரில் இருந்த தணிக்கையை எடுத்துவிட்டுச் சான்றளிப்பு என்று மாற்றியதும் அப்போதுதான், யாரும் இன்றுவரை அப்படிச் சொல்வதில்லை என்பது வேறு.

தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்றார்கள். 2011இல் அதோடு யு சர்டிபிகேட்டும் வேண்டும் என்று சேர்த்தார்கள். அவ்வளவுதான், எல்லாரும் யு-வுக்கு ஓடினார்கள். எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி அரிவாளும் கையுமாக வரும் படங்களில் கெட்ட வார்த்தையை அமுக்கி, ரத்தத்தை இரண்டு நொடி குறைத்து, கழுத்தறுப்பது அப்படியே இருக்க, யு வாங்கி வந்தவற்றை நானே குடும்பத்தோடு பார்த்திருக்கிறேன். 2017இல் ஜிஎஸ்டி வந்து அந்த நிபந்தனை போனது. இருந்தாலும் ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது என்பதால் டிவிக்கு விற்க நினைப்பவர் இன்றைக்கும் யோசித்துத்தான் ஆக வேண்டும். ஒழுக்கம் பாதி, கணக்கு பாதி.

மாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. 2011இல் காளையை வித்தை காட்டக் கூடாத விலங்குகள் பட்டியலில் சேர்த்தார்கள். தை மூன்றாம் நாள் அலங்காநல்லூரில் அப்பன் தோளில் உட்கார்ந்து நாலு வயசுப் பிள்ளை நேரில் பார்க்கிற அதே காளை, சினிமாவில் வந்தால் விலங்கு நல வாரியத்துக் காகிதம் வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் கிராபிக்ஸ் என்று எழுத வேண்டும். வாடிவாசலுக்குப் போய் அப்படி எழுதி ஒட்டச் சொல்லிப் பாருங்கள்.

சரி, காதுக்கு வருகிறேன். இடஒதுக்கீட்டைப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் யு சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 1989இல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் செய்வோம் என்று யாரோ மிரட்டுகிறார்கள் என்பதற்காகப் பேச்சை நிறுத்தக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை என்று தெளிவாகவே சொன்னார்கள். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த தீர்ப்பு அது. 24 வருடம் கழித்து, 2013இல், சென்சார் முடித்து வந்த 'விஸ்வரூபம்' படத்தைக் கலெக்டர்கள் 144 போட்டு நிறுத்தினார்கள், பேசி முடித்துச் சில இடங்களை அமுக்கிய பிறகுதான் வந்தது. அதாவது வாரியம் விட்டாலும் வெளியே இன்னும் நாலு வாரியம் இருக்கிறது. தலைப்புக்கும் அப்படித்தான். 'சண்டியர்' என்று கமல் வைத்த பெயருக்கு 2003இல் எதிர்ப்பு வந்து 'விருமாண்டி' ஆனது. 2014இல் வேறொருவர் 'சண்டியர்' என்றே படம் எடுத்து வெளியிட்டார், எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு. 2023 திருத்தத்துக்கு அப்புறம் யுஏ-வை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் அது பெற்றோருக்கு யோசனை மட்டுமே, தியேட்டர்காரர் தடுக்க வேண்டியது ஏ படத்துக்குத்தான். அதனால் 13+ என்று பார்த்தால் படம் பார்த்த ஒருத்தரிடம் என்ன காரணம் என்று கேட்டுவிட்டுப் போங்கள், பேச்சா, ரத்தமா என்று. ஏ படத்துக்கு வயசு கேட்பார்களா என்றால், இங்கே ஒரு தியேட்டருக்குத் தங்கை மகனோடு போயிருந்தேன், அவனுக்குப் பதினைந்து, மீசைகூட அரும்பவில்லை. கவுண்டரில் கேட்டது ஒரே கேள்விதான்: "பைக்காண்ணே, காரா?"