வெள்ளை எலி மேல் ஒரு பாடகர்

கேள்வி: ராட்சத எலி மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட அமெரிக்கப் பாடகர் ஸ்வாம்ப் டாக், வெறும் கோமாளிதானா?

பதில்: இல்லவே இல்லை. அது 1971-ல் வந்த 'ராட் ஆன்!' இசைத்தட்டின் அட்டை. அதை ஒதுக்கிவிட்டு அந்தக் குரலைக் கேளுங்கள். அழுகையின் விளிம்பில் நின்றபடியே உச்சத்தைத் தொடும். வர்ஜீனியாக்காரர், இயற்பெயர் ஜெர்ரி வில்லியம்ஸ். 1954-லேயே, சிறுவனாக, 'லிட்டில் ஜெர்ரி' என்று முதல் தட்டு. 1970-ல் 'ஸ்வாம்ப் டாக்' என்ற இந்த விசித்திரப் பெயர். டோரிஸ் டியூக் பாட அவர் தயாரித்த 'ஐ'ம் எ லூசர்' தொகுப்பை இரவில் தனியாகத்தான் கேட்பேன், அவ்வளவு வலி அதில். 2024-ல், எண்பதைத் தாண்டியும், பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் ஒலிக்க 'பிளாக்கிராஸ்' தொகுப்பைத் தந்திருக்கிறார். முதலில் டோரிஸைக் கேளுங்கள்.