"எல்லாம் ஓகே" போதாது: ஷிப்ட் ஒப்படைப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பாய்லர் ஷிப்ட் இன்சார்ஜ், சாயப்பட்டறை, பெருந்துறை): ரிலீவர் (அடுத்த ஷிப்ட் ஆள்) வந்ததும் "எல்லாம் ஓகே" என்று சொல்லி, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். பத்து நிமிஷத்தில் முறையாகச் சார்ஜ் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் கம்பெனி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பாருங்கள். ஷிப்ட் 6.00-க்கு முடிந்து பஸ் 6.05-க்குப் புறப்பட்டால், எவ்வளவு நல்ல படிவம் அடித்துக் கொடுத்தாலும் யாரும் நின்று பேசமாட்டார்கள். ரிலீவரை 5.45-க்கு வரச் சொல்லி, அந்தக் கால் மணி நேரத்தையும் சம்பள நேரத்தில் சேருங்கள். இது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை.

பிறகு நடைமுறை. வந்தவர் முதல் ஐந்து நிமிஷம் தனியாக லாக் புக்கைப் படிக்கட்டும். லீவு முடிந்து வருபவர் என்றால், தான் கடைசியாகப் பார்த்த ஷிப்டிலிருந்து படிக்க வேண்டும். அதன்பின் இருவரும் பேனல் முன்னால் நின்று, ஒரே மீட்டரைப் பார்த்தபடி பேச வேண்டும். கேட் அருகிலோ டீ கடையிலோ வைத்துச் சொன்னது ஒப்படைப்பில் சேராது.

பேச வேண்டியவை: இப்போது என்ன ஓடுகிறது, என்ன நிற்கிறது, இந்த ஷிப்டில் எந்த செட்டிங் மாறியது, ஏன், எந்த அலாரம் அல்லது இன்டர்லாக் (ஆபத்து வந்தால் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் அமைப்பு) பைபாஸில், அதாவது செயல்படாமல், இருக்கிறது, எந்தப் பர்மிட் (வேலை செய்ய எழுத்தில் தரும் அனுமதி) முடிக்கப்படாமல் திறந்திருக்கிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது. கடைசியில், வந்தவர் இவற்றைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். விடுபட்டது எது என்பது அப்போதுதான் தெரியும். கையெழுத்து அதற்குப் பிறகு.

லாக் புக்கில் "ஃபீட் பம்ப் 2 பார்க்கவும்" என்று எழுதினால் (ஃபீட் பம்ப் என்பது பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்) அடுத்தவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்கள்: "03.20 – ஃபீட் பம்ப் 2, கிளாண்ட் கசிவு. நிறுத்தியாயிற்று. சக்ஷன், டெலிவரி வால்வுகள் மூடி டேக் போட்டிருக்கிறது. பம்ப் 1 மட்டும் ஓடுகிறது, ஸ்டாண்ட்பை இல்லை. மெயின்டனன்ஸுக்கு 03.35-க்குச் சொல்லியாயிற்று, 9 மணிக்கு ஆள் வரும்." இதில் முக்கியமான பகுதி "ஸ்டாண்ட்பை இல்லை" என்பதுதான்; ஓடும் பம்ப் நின்றால் மாற்றுப் பம்ப் கிடையாது என்று பொருள். நடந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள்; அதனால் அடுத்த ஷிப்டுக்கு என்ன ஆபத்து என்பதை எழுதுபவர்கள் குறைவு.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்ஸஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்ந்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். முந்தைய இரவு ஆலையின் ஒரு கோபுரத்தில் எவ்வளவு திரவம் ஏற்றப்பட்டது, எந்த வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் தெளிவாக எழுதப்படவில்லை. லாக்கில் இருந்தது ஒரே ஒரு வரி. காலை சூப்பர்வைசர் தாமதமாக வந்தார். இரவு ஷிப்டுடன் அவர் ஒப்படைப்பு நடத்தவே இல்லை. காரணங்கள் வேறு பலவும் உண்டு, ஆனால் இதுவும் அவற்றில் ஒன்று.

கேள்வி (மெயின்டனன்ஸ் பிட்டர்): பர்மிட்டில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே, வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சரிபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தை மூடியிருந்தது ஒரு தற்காலிகத் தகடு மட்டுமே. வேலை முடியவில்லை, பர்மிட்டும் எழுதியாயிற்று. ஆனால் இரவு ஷிப்டுக்கு அது வாய்வழியாகப் போகவில்லை. மற்றொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டப் பார்த்தார்கள். தகடு இருந்த இடத்தில் வாயு கசிந்து வெடித்தது. அன்று இறந்தவர்கள் 167 பேர்.

ஒரே இயந்திரத்துக்கு இரண்டு பர்மிட் இருந்தால் ஒன்றில் மற்றதன் எண்ணை எழுதுங்கள். திறந்திருக்கும் பர்மிட்டெல்லாம் கன்ட்ரோல் ரூமில் ஒரே பலகையில், இயந்திர வரிசையில் தொங்கட்டும். இன்சார்ஜ் பிசியாக இருக்கிறார் என்று பர்மிட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பொறுங்கள், அல்லது ஃபோனில் சொல்லிப் பதில் வாங்குங்கள்.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ், தனியார் மருத்துவமனை): இரவில் டாக்டரைக் கூப்பிட்டால் "சுருக்கமாச் சொல்லுங்க சிஸ்டர்" என்று எரிந்து விழுகிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்லுங்கள். இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்-பார் (SBAR) என்று பெயர். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை. ஃபோன் எடுக்கும் முன் கேஸ் ஷீட்டும் இப்போது எடுத்த அளவுகளும் கையில் இருக்கட்டும்.

"டாக்டர், 204-ம் அறை, பிபி 86/50, பல்ஸ் 124. சிசேரியன் முடிந்து ஆறு மணி நேரம். அரை மணியில் இரண்டு பேட் முழுக்க நனைந்துவிட்டது. ரத்தப்போக்கு என்று நினைக்கிறேன். உடனே நேரில் வாருங்கள். வருவதற்குள் என்ன கொடுக்கட்டும்?"

பலர் தடுமாறுவது கடைசி இரண்டில். கணிப்பைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்து அளவுகளை மட்டும் ஒப்பித்தால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் "பார்த்துக்கிட்டே இருங்க" என்று வைத்துவிடுவார். வாய்வழி ஆர்டரை எழுதிக்கொண்டு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். மருந்தளவை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: "ஃபிஃப்டீன், ஒன்று-ஐந்து." ஃபோனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலவே கேட்கும்.

கேள்வி (புரொடக்ஷன் மேனேஜர்): ஒப்படைப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். போதாதா?

பதில்: போதாது. நாற்பது பேர் உள்ள குரூப்பில் நீல டிக் வந்தால் செய்தி திறக்கப்பட்டது என்றுதான் பொருள். யார் பொறுப்பேற்றார் என்று அதில் தெரியாது. குட் மார்னிங் படங்களுக்கு நடுவே அது மேலே போய்விடும். குரூப்பை ஃபோட்டோவுக்கும் அவசரத் தகவலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை சொல்வதாக இருந்தால் ஒருவர் பெயர், என்ன வேலை, எத்தனை மணிக்குள் என்று எழுதுங்கள். அவர் "எடுத்துக்கிட்டேன்" என்று பதில் போடும்வரை வேலை அனுப்பியவர் தலையில்தான்.

கேள்வி (ஃபவுண்டரி சூப்பர்வைசர், கோவை): ஒடிசா, பீகார் பையன்களிடம் சொன்னால் எல்லாவற்றுக்கும் "ஹான் ஜி" வருகிறது. போய்ப் பார்த்தால் வேறு செய்திருக்கிறார்கள்.

பதில்: "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எந்த மொழியிலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். "முதலில் எதை மூடுவாய், காட்டு" என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு மூன்று வேலைக்கு மேல் சொல்ல வேண்டாம். வால்வுகளுக்கு இரண்டடி தள்ளியிருந்து படிக்கும் அளவில் எண் எழுதி, அந்த எண்ணையே சொல்லுங்கள். "அந்தப் பக்கத்து பெரிய வால்வு" என்பது தமிழருக்கே குழப்பம். மொழிபெயர்க்கும் மேஸ்திரியை மட்டும் நம்பினால், அவர் லீவு போடும் நாளில்தான் விபத்து நடக்கும்.

கேள்வி (டிரெய்னி இன்ஜினியர்): சீனியர் தப்பாகச் செய்கிறார் என்று தோன்றினால் எப்படிச் சொல்வது?

பதில்: முதல் தடவை கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "சார், பிரஷர் 9-ல இருந்து 11 ஆயிடுச்சு." கவனிக்கவில்லை என்றால் கவலையையும் சேர்த்து: "சார், இது சேஃப்டி வால்வு செட்டிங்கைத் தாண்டிடும்னு தோணுது, ஃபயரிங்கைக் குறைக்கலாமா?" இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால் ஷிப்ட் இன்சார்ஜுக்கு ஃபோன் போடுங்கள். அதற்கும் நேரமில்லை, உங்களுக்கு டிரிப் பட்டனை (இயந்திரத்தை உடனே நிறுத்தும் பட்டன்) அழுத்த அனுமதி இருக்கிறது என்றால் அழுத்திவிடுங்கள். அந்த அனுமதி உண்டா என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.