அவரும் அவளும்: ஒரு வாசிப்புக் கூட்டம் பற்றி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒன்றரை வருடமாக ஒரு சிறிய வாசிப்புக் குழு நடத்திவருகிறோம். 12 பேர், எட்டுப் பெண்கள், நான்கு ஆண்கள். மாதம் ஒரு புத்தகம். கடந்த மூன்று கூட்டங்களாகப் பெண்ணியப் பார்வையில் வாசிப்பது என்று முடிவுசெய்தோம். ஆனால் பேச்சு எப்போதும் இரண்டே இடங்களில் போய் முட்டிக்கொள்கிறது. நாயகி செய்தது சரியா தவறா, எழுத்தாளர் ஆணாதிக்கவாதியா இல்லையா. பேசுகிறவர்களும் அதே மூன்று பேர். நாயகியை அதிகம் திட்டுவது பெண்கள்தான் என்பது எனக்குப் புரியவே இல்லை. போன மாதம் ஒரு தோழி தன் மணவாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கி அழுதுவிட்டார். எல்லோரும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஆண்களை நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் ஓடுகிறது. இனிப் பெண்கள் எழுதியதை மட்டுமே எடுக்க வேண்டுமா? என்ன செய்யலாம்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கூட்டத்தில் பஞ்சாயத்து நடக்கிறது. ஒரு மாதம் நாயகி கூண்டில் நிற்கிறாள், அடுத்த மாதம் எழுத்தாளர். தீர்ப்புச் சொல்லப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை, கதைச்சுருக்கம் போதும். அதனால்தான் படிக்காமல் வந்தவரும் அரை மணிநேரம் சளைக்காமல் பேச முடிகிறது.

வாக்கியத்துக்கு வாருங்கள். ஒரு சின்னப் பத்தியை எடுத்துக்கொள்வோம். எந்தக் கதையிலிருந்தும் எடுக்கவில்லை, விளக்கத்துக்காக எழுதியதுதான்:

‘அவர் அலுவலகத்திலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். அவள் கதவருகே நின்றாள். பதினெட்டு வயதில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். வேலைக்காரி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.’

கணவன் ‘அவர்’, மனைவி ‘அவள்’. இந்த மரியாதை யார் கொடுத்தது? மனைவியின் மனவோட்டத்தில் கதை நகர்கிறதென்றால் ‘அவர்’ அவளுடைய சொல். வெளியே நிற்கும் கதைசொல்லி சொல்கிறார் என்றால், அவரும் அந்த வீட்டுப் படிநிலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். இந்த வேறுபாடு பல மொழிகளில் இல்லவே இல்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் காணாமல் போய்விடும். தமிழில் வாசிப்பவர்களுக்குக் கிடைக்கிற கைப்பிடி இது. அதை விட்டுவிட்டுக் கோட்பாட்டைத் தேடி ஓடுகிறோம்.

அடுத்து வினைச்சொற்கள். அவர் வருகிறார், கழற்றுகிறார். அவள் நிற்கிறாள். பிறகு அந்த ‘வாழ்க்கைப்பட்டவள்’. ‘அவன் வாழ்க்கைப்பட்டான்’ என்று எழுதிப் பாருங்கள், மொழியே சிரிக்கும். அகப்படு, அவதிப்படு, அடிபடு என்று வருகிற அதே ‘படு’தான் இங்கும் ஒட்டியிருக்கிறது. கட்டிக்கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள் என்பவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வினை செய்வது வேறு யாரோ, பெண் செயப்படுபொருள். கடைசியில் வேலைக்காரி. பத்தியில் உழைப்பு என்று சொல்லக்கூடிய ஒன்றைச் செய்பவள் அவள் ஒருத்திதான். பெயரில்லை, வயதில்லை. மனைவிக்காகப் பரிந்து பேசுகிற வாசகர் அவளைத் தாண்டிப் போய்விட்டால் அந்த வாசிப்பு பாதியில் நிற்கிறது.

ஐந்து சிறிய வாக்கியங்கள். இதற்கே அரை மணிநேரம் ஓடிவிடும்.

இதை வைத்து எழுத்தாளரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. தெரிந்தே அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. கதையில் எங்காவது ‘அவர்’ ‘அவன்’ ஆகிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஆகிறதென்றால் பெரும்பாலும் கதையின் முடிச்சு அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

கூட்டத்தில் இதைச் செய்ய அரைப் பக்கம் போதும். இரண்டு நிறப் பேனா. பெண் பாத்திரம் செய்யும் வினைகளுக்கு ஒரு நிறம், அவளுக்குச் செய்யப்படும் வினைகளுக்கு இன்னொன்று. யார் மனதுக்குள் கதை நுழைகிறதோ அந்த வரிக்கு ஓரத்தில் ஒரு கோடு. ஒருவர் சத்தமாக இரண்டு முறை வாசிக்கட்டும்: முதல் முறை வெறுமனே கேட்பது, இரண்டாம் முறை கோடு போடுவது. ஒரு முழு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தீர்ப்பில் போய் நிற்பீர்கள்.

எண்ணுவதிலும் ஒரு பொறி உண்டு. பெக்டெல் சோதனையை உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் அலிசன் பெக்டெல் 1985-ல் வரைந்த ஒரு சித்திரத் துணுக்கில் வந்தது: திரைப்படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைத் தவிர வேறொன்றைப் பற்றி இருக்க வேண்டும். நூறு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கும். ஒரு தனிப் படைப்புக்குச் சான்றிதழ் கொடுக்க அது உதவாது. தனியறையில் அடைபட்ட ஒரே பெண்ணைப் பற்றிய நல்ல கதை அதில் தோற்கும், இரண்டு தோழிகள் துணி விலை பேசும் மட்டமான கதை ஜெயித்துவிடும்.

பெண்களே நாயகியைத் திட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜூடித் ஃபெட்டர்லி என்ற அமெரிக்க விமர்சகர் 1978-ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்கிறார். தம் நாட்டுப் புனைகதைகளை எடுத்துக்கொண்டு, அவை வாசகியை ஆணின் கண்ணால் பார்க்கப் பழக்குகின்றன என்கிறார். கதை எவன் தோளில் உட்கார்ந்து போகிறதோ அவனோடு நாமும் போகிறோம். அவனுக்குக் குறுக்கே வருகிறவள் நமக்கும் எரிச்சலாகத் தெரிகிறாள், நாம் பெண்ணாகவே இருந்தாலும். ஆகவே உங்கள் தோழிகளிடம் ‘நீயே இப்படிச் சொல்லலாமா’ என்று கேட்காதீர்கள். ‘எந்தப் பக்கத்தில் இவள்மேல் கோபம் வந்தது? அந்தப் பக்கத்தில் கதை யார் கண்ணில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். பதில் பக்க எண்ணோடு வர வேண்டும்.

பார்வையை மாற்றிச் சொல்லிப் பார்ப்பதும் பலன் தரும். சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ (1847) தன் வாழ்வைத் தானே சொல்லும் பெண்ணின் நாவல், பெண்ணிய வாசகர்களுக்குப் பிரியமானது. அவள் காதலிக்கும் ரோசெஸ்டரின் வீட்டு மேல்தளத்தில் அவருடைய முதல் மனைவி பெர்த்தா அடைக்கப்பட்டிருக்கிறாள். சிரிப்பும் உறுமலும் கேட்கின்றன. நேராக அவள் வாயிலிருந்து ஒரு வசனமும் நமக்குக் கிடைப்பதில்லை. அவள் கதையை விவரிப்பவர் பூட்டி வைத்த கணவரே. கரீபியத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966-ல் அவளை மையமாக வைத்து ஒரு நாவல் எழுதிய பிறகு பழைய நாவலையும் முன்போல வாசிக்க முடியவில்லை. உங்கள் குழு நாவல் எழுத வேண்டாம். அந்தக் கூடத்தைப் பெருக்குகிறவள் அதே ஐந்து வாக்கியங்களை எப்படிச் சொல்வாள் என்று பத்து நிமிடம் எழுதிப் படியுங்கள், போதும். சாதி, வர்க்கம் என்று யாரும் தலைப்புப் போடாமலே பேச்சு அங்கே வந்துசேரும்.

இனி உங்கள் அறை. புத்தகத்தில் யார் பேசுகிறார், யார் நிற்கிறார் என்று கேட்டோம் இல்லையா? அதே கேள்வியை 12 நாற்காலிகளிடம் கேட்டால் மூன்று பேர் மட்டும் பேசுவது ஏனென்று தெரியும். ‘எங்கள் குழுவில் தலைவரே கிடையாது, யார் வேண்டுமானாலும் பேசலாம்’ என்று இருந்தால், குரல் பெரியவர்தான் தலைவர். அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-ல் பெண்கள் இயக்கக் குழுக்களைப் பற்றிப் பேசிய ஓர் உரையில் இதைப் பிட்டுப் பிட்டு வைத்தார்: எழுதப்பட்ட கட்டமைப்பு இல்லாத குழுவில் எழுதப்படாத கட்டமைப்பு ஒன்று ஆட்சி செய்யும், அதைக் கேள்வி கேட்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

இரண்டு மணிநேரக் கூட்டத்தை இப்படிப் பிரியுங்கள். முதலில் ஒரு சுற்று, ஆளுக்கு 2 நிமிடம், குறுக்கீடு கிடையாது: 24 நிமிடம். ஒரு பக்க எண் சொல்லித்தான் தொடங்க வேண்டும். வேண்டாமென்பவர் கடந்து போகலாம், ஆனால் சுற்றின் முடிவில் அவரை இன்னொரு முறை கேளுங்கள். முதலில் மறுத்தவர் அப்போது பேசக்கூடும். பிறகு பத்தி வாசிப்பு 30 நிமிடம், இடைவேளை 10, திறந்த பேச்சு 45. மிச்சமிருக்கும் 11 நிமிடம் அடுத்த புத்தகத்துக்கு. முதலில் பேசுபவர் அன்றைய தடத்தைப் போட்டுவிடுகிறார் என்பதால் சுற்று ஒவ்வொரு மாதமும் வேறு நாற்காலியில் தொடங்கட்டும். நேரத்தை ஆள் சொல்வதைவிடக் கைபேசி மணி சொல்வது நல்லது. மணியிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

திறந்த பேச்சில் ஒரே விதி: பேச விரும்புகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை பேசும்வரை யாரும் மூன்றாம் முறை வாய் திறக்கக் கூடாது. ஒருவர் தாளில் பெயர்களை எழுதி, பேசும்போது ஒரு கோடும் குறுக்கிட்டால் ஒரு பெருக்கல் குறியும் போடட்டும். கடைசியில் பெயரில்லாமல் எண்ணிக்கையை மட்டும் வாசியுங்கள். சம்பந்தப்பட்டவருக்குத் தன் எண் தெரிந்துவிடும். பெயர் சொல்லி வாசித்தால் அது இன்னொரு பஞ்சாயத்து.

ஆண்களை நிறுத்துவது பற்றி. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய விழிப்புணர்வுக் குழுக்கள் பெண்களுக்கு மட்டுமாக இருந்ததற்குக் காரணம், அங்கே பேசுபொருள் அவர்களது சொந்த வாழ்க்கை. உங்கள் பேசுபொருள் புத்தகம். முதலில் மேலே சொன்ன விதிகளோடு மூன்று கூட்டம் நடத்திப் பாருங்கள். கூடவே இன்னொரு கணக்கும் எடுங்கள்: நாற்காலி போடுவது, கோப்பை கழுவுவது, குறிப்பெழுதுவது, வராதவர்களுக்குப் போன் செய்வது, இவை யார் கையில்? சுழற்சி முறையில் மாற்றுங்கள், நடத்துநர் பொறுப்பையும் சேர்த்து. அதன் பிறகும் பெண்கள் தனியே கூட விரும்பினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தனிக் கூட்டம் வைக்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

அழுதுவிட்டுப் போன தோழிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. தவறு அவர் பேசியதில் இல்லை. நீங்கள் யோசனை சொன்னீர்கள். அந்த நிமிடத்தில் 11 பேருக்கு நடுவில் அவர் ஒரு பிரச்சினையாகிவிட்டார். சொந்த அனுபவம் வந்தால் கேட்டுக்கொள்வது மட்டும்தான் வேலை. ஆலோசனை கிடையாது, ‘எனக்கும்’ என்று தொடங்குவது கிடையாது. ‘உங்களுக்கு இப்படி நடந்ததா’ என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சொன்னது அறையைத் தாண்டக் கூடாது, வாட்ஸாப் குழுவுக்கும் கூடாது. கொஞ்ச நேரம் அமைதி, பிறகு நடத்துநர் அவரிடமே கேட்கலாம்: தொடரலாமா, புத்தகத்துக்குத் திரும்பலாமா, இடைவேளை விடலாமா? வன்முறை வரும் புத்தகமென்றால் அறிவிப்பிலேயே பக்க எண்களைக் கொடுத்துவிடுங்கள். இப்போது ஒருவர் மட்டும், அவரோடு நெருக்கமானவர், போனில் பேசட்டும். எப்போது வருவீர்கள் என்று கேட்காமல், அன்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கத் தெரியாமல் போனோம் என்று சொன்னால் போதும்.

பெண்கள் எழுதியதை மட்டும் எடுக்க வேண்டுமென்பதில்லை. மேலே சொன்ன வாசிப்பு ஆண்கள் எழுதியதில்தான் நிறைய தீனி பெறும். ஆனால் பட்டியலில் பாதியாவது பெண்கள் இருக்கட்டும், அதில் பழையவர்களும் இருக்கட்டும். பழைய நூல் எடுக்கும்போது பதிப்பைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்தவனம்’ என்ற சிருங்காரக் காவியத்தை எழுதினார். பின்னாளில் அச்சான பதிப்பில் பாடல்கள் விடுபட்டிருப்பதைக் கண்ட இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆங்கில அரசு தடை போட்டது. தடை நீங்கியது 1947-ல். வெட்டப்பட்ட பதிப்பை வைத்துக்கொண்டு எத்தனை நுணுக்கமாக வாசித்தாலும் வெட்டியவரின் கண்ணைத்தான் வாசித்துக்கொண்டிருப்போம். முன்னுரையில் ‘சுருக்கப்பட்டது’, ‘திருத்தப்பட்டது’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

இந்த விதிகளோடு நடத்தும் முதல் கூட்டத்துக்கு நாவல் வேண்டாம். 10 முதல் 15 பக்கச் சிறுகதை ஒன்று, நான்கு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்க எண் விதி முதல் பத்து நிமிடத்திலேயே குழப்பத்தில் முடியும். ஒரே பதிப்பு கிடைக்காதென்றால் பத்திகளுக்கு எண் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.