குறைந்த செலவில் ட்ராக் டே, அமெச்சூர் ரேஸ் தொடங்க முதல் கார் எது?

கேட்டவர் தன் நிலைமையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். இதுவரை ட்ராக்கில் ஓட்டியதில்லை. வருடத்துக்கு நான்கைந்து ட்ராக் டே (பந்தயப் பாதையில் போட்டியில்லாமல் சொந்த காரை ஓட்டும் நாள்) போக வேண்டும், இரண்டு மூன்று வருடம் கழித்து ரேஸிலும் இறங்கிப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு 300 குதிரைத்திறன் டர்போ செடான் ஒன்றும் பழைய மஸ்டா மியாட்டா (இரண்டு பேர் உட்காரும் சின்னத் திறந்த கூரை கார்) ஒன்றும் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

மியாட்டாவை எடுங்கள். நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில்தான் நின்றேன். செடானை எடுத்தேன்.

அந்த கார் 1,600 கிலோ. ட்ராக்கில் முதல் இருபது நிமிடம் நான் ராஜா. நேர்ப்பாதையில் எல்லோரையும் தாண்டிக்கொண்டே போனேன். வளைவுகளில் அவர்கள் ஒட்டிக்கொண்டு வந்தது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது செஷனில் நான்காவது லேப், அதாவது நான்காவது சுற்று. நேர்ப்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன், பெடல் தரை வரை போனது. மறுபடி மறுபடி மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. மிச்ச வேகத்தோடு சரளைக்குள் போய் நின்றேன். காருக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாலை முழுக்கச் சக்கரத்துக்குள்ளிருந்து கல் பொறுக்கியதோடு சரி.

காரணம் சாதாரணமானது. பிரேக் திரவம் கொதித்துவிட்டது. திரவமாக இருக்கும்வரை அது அழுந்தாது, கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் அழுந்தும், பெடல் பஞ்சாகிவிடும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச எல்லை வெறும் 155 டிகிரி. என் காரில் இருந்த திரவம் எத்தனை வருடப் பழசு என்று எனக்கே தெரியாது. மாற்றாமல் போனது முழுக்க என் தப்பு.

ஆனால் திரவத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ கார் 160 கிமீ வேகத்திலிருந்து 60க்கு இறங்கினால் ஏறக்குறைய 8.5 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகத்தான் போகும். கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. என் செடானோ 1,600 கிலோ, சக்தியும் அதிகம் என்பதால் அதே வளைவுக்கு 190ல் வந்து சேரும். அங்கே கணக்கு 20 லட்சம் ஜூல். இதே வேலை லேப்புக்கு ஐந்தாறு முறை. எடை நேர் விகிதத்திலும் வேகம் இருமடி விகிதத்திலும் ஏறுவதால், கனமான வேகமான கார் பிரேக் பேடையும் டிஸ்க்கையும் டயரையும் பெட்ரோலையும் தின்றே தீர்க்கும். அதைச் சரிசெய்யப் பெரிய பிரேக், அகலமான டயர், கூடுதல் ஆயில் கூலர் என்று வாங்கிக்கொண்டே போவீர்கள். நானும் ஒரு வருடம் வாங்கிக்கொண்டேதான் போனேன். ஓட்டக் கற்றுக்கொண்டேனா என்றால் இல்லை. வளைவில் செய்த தப்பையெல்லாம் அடுத்த நேர்ப்பாதையில் எஞ்சின் மூடி மறைத்துவிடும், அப்புறம் எங்கே கற்பது?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, ட்ராக் கார் விஷயத்தில் அது அப்படியே உண்மை. கார் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் கணக்கு. மிச்சப் பாதி பராமரிப்பு, பிரேக், டயர், ஹெல்மெட், நுழைவுக் கட்டணம், பயிற்சியாளர் என்று எங்கே போனது என்று தெரியாமலே கரைந்துவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. அந்த கார் ஒரு நாள் சுவரில் மோதி நசுங்கினால், பெருமூச்சு விட்டுவிட்டு அதை அங்கேயே விட்டு வர உங்களால் முடியுமா? கடன் வாங்கி வாங்கிய காரில் அது முடியாது. ட்ராக்கில் நடக்கும் சேதத்தைச் சாலைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இனி மியாட்டா. எம்எக்ஸ்-5 என்ற பெயரிலும் விற்றது. 1989ல் வந்த முதல் தலைமுறை 1.6 லிட்டர், 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. பின் சக்கர இயக்கம், நான்கு பக்கமும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு. காகிதத்தில் படித்தால் சப்பென்று இருக்கும். ஓட்டிப் பார்த்தால் ஸ்டீரிங்கில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு அவசரமும் உடனே முதுகில் தெரியும். பிரேக்கைச் சற்று முன்னதாக விட்டால் என்ன ஆகிறது, ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று விட்டால் பின்பக்கம் எப்படி நழுவப் பார்க்கிறது, எல்லாவற்றையும் நிதானமான வேகத்தில் சொல்லிக் கொடுக்கும். 2016ல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வந்தது. அதனால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை, எந்தக் கோளாறுக்கும் ஏற்கனவே யாராவது விடை கண்டுபிடித்திருப்பார்கள். அமெரிக்காவில் 1990 முதல் 2005 வரையிலான மாடல்களுக்கென்றே ஸ்பெக் மியாட்டா என்று தனிப் பந்தயப் பிரிவு இருக்கிறது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கார், ஓட்டுபவர்தான் வித்தியாசம்.

குறை இல்லாமல் இல்லை. திறந்த கூரை கார் என்பதால் ரோல் பார் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) இல்லாமல் பல இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள், விட்டாலும் நீங்கள் போகக் கூடாது. மிகப் பழைய 1.6 எஞ்சின் சிலவற்றில் கிராங்க்ஷாஃப்டின் முன் முனை பலவீனம், வாங்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். துருவையும் பாருங்கள், முக்கியமாகக் கதவுக்குக் கீழே ஓடும் பகுதியை.

மியாட்டா கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இலகுவான எந்தச் சின்ன ஹேட்ச்பேக்கும் நல்ல பள்ளிக்கூடம்தான். முன் சக்கர இயக்கம் என்றதும் முகம் சுளிப்பவர்களை நம்பாதீர்கள். ஜெர்மனியில் இருக்கும் 20.8 கிமீ நீளமுள்ள நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே ட்ராக்கில் வாடகைக் கார் நிறுவனம் ஒன்று வருடக்கணக்காகப் புதியவர்கள் கையில் கொடுத்தது ஸுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைத்தான். பிரிட்டனில் சிட்ரோயன் சி1 என்ற குட்டிக் காரை வைத்து 24 மணி நேரப் பந்தயமே நடத்துகிறார்கள். 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இருட்டில் மழையில் அந்த காரில் ஒருவரை முந்துவதற்கு மூன்று வளைவு முன்பே திட்டம் போட வேண்டும். ஹோண்டா சிவிக்கும் அந்த வரிசையில் நல்ல தேர்வு. முன் டயர்களே திருப்பவும் பிரேக் பிடிக்கவும் இழுக்கவும் வேண்டியிருப்பதால் அவை சீக்கிரம் தேயும், அவ்வளவுதான்.

நான்கு பேர் உட்காரும் கார்தான் வேண்டும், பின் சக்கர இயக்கமும் வேண்டும் என்றால் பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் பழைய தலைமுறைகளான ஈ36, ஈ46 இரண்டும் அருமையாக ஓடும். ஆனால் வாங்கின கையோடு கூலிங் பாகங்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியும் குழாய்களும் வயதானால் வெடிக்கும், எஞ்சின் சூடேறிவிட்டால் கதை முடிந்தது. ஈ46ல் பின் சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருத்தும் இடத்தில் அடித்தட்டு விரிசல் விடும் என்பது ஊரறிந்த விஷயம், லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2012ல் வந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஜோடி 200 குதிரைத்திறன், சுமார் 1,240 கிலோ. பணம் இடம் கொடுத்தால் நான் இன்று அதைத்தான் இரண்டாவதாகச் சொல்வேன்.

ரேஸ் ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ட்ராக் டே காரும் ரேஸ் காரும் ஒன்றல்ல. முதலில் காரை வாங்கி, மனம்போல மாற்றி, அப்புறம் இது எந்தப் பிரிவில் சேரும் என்று தேடினால், சேரக்கூடிய பிரிவில் தன்னைவிட இரண்டு மடங்கு செலவு செய்த கார்களோடு மோத வேண்டியிருக்கும். முதலில் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். நீங்கள் போகப்போகும் இடத்தில் எந்தப் பிரிவில் கூட்டம் அதிகம் என்று பாருங்கள், அந்தப் பிரிவுக்குள் வரும் காரை வாங்குங்கள், ரேஸ் வரும்வரை அதில் எதையும் மாற்றாதீர்கள்.

ரோல் கேஜ் (காருக்குள் பொருத்தும் இரும்புக் கூண்டு), ஹார்னெஸ் (தோள் இரண்டையும் இறுக்கும் ரேஸ் பெல்ட்), ரேஸ் இருக்கை, தீயணைப்பான், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி எல்லாம் சேர்ந்தால் பழைய காரின் விலையையே தாண்டிவிடும். ஆகவே ரேஸுக்கு நேரம் வரும்போது, யாரோ கட்டி, ஓட்டி, அலுத்து விற்கும் முடிந்த ரேஸ் காரை வாங்குவதுதான் மலிவு. கேஜுக்குக் கொடுத்த காசு விற்பவருக்குத் திரும்பி வருவதே இல்லை, அந்த நஷ்டம் உங்கள் லாபம். பாதியில் நிற்கும் ப்ராஜெக்ட் கார் பக்கம் மட்டும் போகாதீர்கள். "சின்ன வேலைதான் பாக்கி" என்று சொல்லி விற்ற ஒரு காரை நான் வாங்கி, அந்தச் சின்ன வேலையை எட்டு மாதம் செய்தேன். இன்னொன்று: கேஜ் போட்ட காரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. சின்ன விபத்திலும் தலை போய் இரும்பில் இடிக்கும்.

சரி, மியாட்டாவோ வேறெதுவோ வாங்கிவிட்டீர்கள். முதல் ட்ராக் டேக்கு முன் புது பிரேக் திரவம், கொதிநிலை அதிகமுள்ளதாகப் பார்த்து. டாட் 5 என்று எழுதியிருந்தால் வேண்டாம், அது சிலிக்கான் வகை, மற்றதோடு கலக்கக் கூடாது. வெப்பம் தாங்கும் பிரேக் பேட். புது எஞ்சின் ஆயில், மேல் குறி வரைக்கும், ஏனென்றால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும். கூலன்ட், பெல்ட், வீல் பேரிங் சரிபாருங்கள். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள், ஒவ்வொரு செஷனுக்கும் இடையில் இன்னொரு முறை பாருங்கள். இவ்வளவுதான்.

டயருக்கு அவசரப்படாதீர்கள். சாதாரண டயரில் பிடி நழுவுவதற்கு முன் கீச்சென்று எச்சரிக்கும், மெதுவாக நழுவும். ஒட்டும் டயர் கடைசிவரை பிடித்துவிட்டுச் சட்டென்று விடும். அது உங்களை வேகமாக்கும், ஆனால் முதல் வருடத்தில் உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. மியாட்டாவின் 14, 15 அங்குல டயரின் விலையையும் அந்த செடானின் 18 அங்குல டயரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். அந்த மிச்சத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து "கண்ணைத் தூக்கு, தூரத்தைப் பார்" என்று ஒரு நாள் முழுக்கக் கத்தியதில் எனக்குக் குறைந்த லேப் நேரம், அந்த ஒரு வருடம் வாங்கிப் போட்ட எந்தப் பாகத்திலும் குறையவில்லை.

ஒவ்வொரு செஷனிலும் கடைசி லேப்பை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிக் குளிர வையுங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கை பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பேடின் பொருள் ஒட்டிப் பிடித்து, அப்புறம் பிரேக் அதிரும்.

ஹெல்மெட்டுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ முத்திரை உள்ளதை வாங்குங்கள். எம் முத்திரை மோட்டார் சைக்கிளுக்கானது, அதில் தீத் தாங்கும் சோதனை கிடையாது. காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஹெல்மெட்டை வாங்கிவிடுங்கள், காரணம் இருக்கிறது. மியாட்டா சின்ன கார், உயரமானவர்களுக்கு அது பெரிய சிக்கல். ஹெல்மெட்டோடு போய் இருக்கையில் நிமிர்ந்து உட்காருங்கள். கூட வந்தவரிடம் ஒரு நீளமான துடைப்பக் குச்சியை ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சி வரை பிடிக்கச் சொல்லுங்கள். குச்சி ஹெல்மெட்டில் இடித்தால் இருக்கையைக் கீழே இறக்க வழி இருக்கிறதா என்று விற்பவரிடமே கேளுங்கள். வழி இல்லையென்றால் அந்த காரை விட்டுவிட்டு சிவிக் பக்கம் போங்கள்.