பேரனுக்கு யார் பெயர்?

கேள்வி: எனக்கு ஆண் குழந்தை பிறந்து 19 நாள் ஆகிறது. அம்மா வீட்டில் இருக்கிறேன். பிள்ளைக்கு ‘ஃபெலிக்ஸ்’ என்று பேர் வைக்க வேண்டும் என்கிறார் என் கணவர். பியூடிபை என்ற யூடியூபரின் சொந்தப் பெயர் அது. காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது என் கணவரின் அப்பா இறந்துவிட்டார். அந்த நாட்களில் இந்த யூடியூபரின் வீடியோக்களைப் பார்த்துத்தான் மறுபடி சிரிக்கவே ஆரம்பித்தாராம். மாமியாரோ, மாமனார் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். அது குலசாமி சுடலைமாடன் பேரோடு சேர்ந்த பெயர். அம்மாவும் மகனும் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. 21 நாளுக்குள் பதிய வேண்டுமாமே, நான் யார் பக்கம் பேசுவது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த 21 நாள் பயத்தை விடுங்கள். அது பிறப்பைப் பதிவதற்கான கெடு. பெயர் இல்லாமலேயே பதியலாம். பிறகு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் போனால் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்க வழி உண்டு. ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என்று எதற்குப் போனாலும் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். பேச்சுவார்த்தை இல்லாத வீடு இந்த வாரமே ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறைதான் எனக்கு உறைத்தது. மாமியார் கேட்பது செத்துப்போன புருஷனின் பெயர். கணவர் கேட்பது, அதே மனிதர் செத்த துக்கத்திலிருந்து தன்னைத் தூக்கிவிட்டவரின் பெயர். இருவரும் அழுவது ஒரே ஆளுக்காகத்தான். அந்த ஹாஸ்டல் ராத்திரிகளைப் பற்றி உங்கள் கணவர் தன் அம்மாவிடம் வாய் திறந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். உங்களிடம் சொன்னவர் அங்கே சொல்லியிருக்க மாட்டார். அதனால் அந்த அம்மாவின் காதில் ‘ஃபெலிக்ஸ்’ விழும்போது, அப்பனை மறந்துவிட்டு எவனோ ஒரு வெள்ளைக்காரன் பேரைத் தேடுகிறான் என்றுதான் கேட்கும். ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அந்த உரிமை கைவிட்டுப் போகிறதே என்று அவர் துடிப்பதில் தப்பே இல்லை.

அதற்காக உங்கள் கணவரின் ஆசையைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ள மாட்டேன். மனசுக்குப் பிடித்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நம் நாட்டில் புதுசா என்ன? பாடகர் சச்சின் தேவ் பர்மன் மேல் இருந்த பிரியத்தில்தான் டெண்டுல்கரின் அப்பா மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். அவர் காலத்தில் ரேடியோவில் கேட்ட குரல். உங்கள் கணவருக்கு செல்போனில் பார்த்த முகம்.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்க வேண்டும். உயிரோடு இருக்கும் பிரபலத்தின் கதை இன்னும் முடியவில்லை. 10 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தனிமனிதர் பியூடிபை; அது 2019 ஆகஸ்டில். அதே வருடம் மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், சுடப் போகும் முன் அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான். அதில் இவர் செய்த பாவம் எதுவுமில்லை. ஆனால் 2017-ல் யூதர்களை இழிவு செய்வதுபோல் வந்த வீடியோக்களுக்காக டிஸ்னி நிறுவனம் அவரோடு தொழில் உறவை அறுத்துக்கொண்டதே, அது அவராகத் தேடிக்கொண்டது. இதெல்லாம் உங்கள் கணவருக்குத் தெரியாமல் இருக்காது. பிள்ளையும் ஒருநாள் தன் பெயரைத் தேடிப் பார்ப்பான். பதில் சொல்லத் தயாராக இருக்கட்டும்.

‘ஃபெலிக்ஸ்’ நல்ல பெயர்தான். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் வீட்டுக்கு வீடு புழங்குகிற பெயர். ஆனால் அங்கெல்லாம் அது கிறிஸ்தவக் குடும்பத்துப் பெயர். உங்கள் பிள்ளையிடம் பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீட்டிலும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்பது குற்றமில்லை, ஆயுள் முழுக்க விளக்கம் சொல்வது அலுப்பு. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சியானவன், பேறு பெற்றவன் என்று பொருள். தமிழில் ‘மகிழன்’ என்றால் அதே மகிழ்ச்சி வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் சான்றிதழில் மகிழனோ தாத்தாவின் பெயரோ இருக்கட்டும். ஃபெலிக்ஸ் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் நமக்குப் பழக்கமானதுதான். என் அண்ணனுக்குத் தாத்தா பெயர். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று என் ஆச்சி கடைசிவரை அவனை ‘ராசா’ என்றுதான் கூப்பிட்டாள். ரேஷன் கார்டைப் பார்த்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவனுடைய நிஜப் பெயரே தெரிந்தது.

நீங்கள் யார் பக்கமும் பேச வேண்டாம். பச்சை உடம்போடு இந்தப் பஞ்சாயத்து உங்களுக்கு எதற்கு? கணவரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: அம்மாவிடம் பெயரைப் பற்றிப் பேசாமல், அப்பா போன அந்த வருடத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எந்த வீடியோவைப் பார்த்து முதல்முதலாகச் சிரித்தாரோ அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டட்டும். அவருக்கு ஒரு வார்த்தை புரியாமல் போகலாம். மகன் எதற்காகச் சிரித்தான் என்பது புரியும். அதற்குப் பிறகு அந்த அம்மா எந்தப் பெயரைச் சொல்கிறாரோ, அதற்குக் காது கொடுங்கள். ‘ஃபெலிக்ஸே இருக்கட்டும்’ என்று அவரே சொன்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கடைசியாக, மகிழன் என்று முடிவானால் ஆங்கிலத்தில் ‘ழ’வை எப்படி எழுதுவது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி என்று ஆகிவிட்டால் அலையப் போவது நீங்கள்தான்.