கல்யாணம் நெருங்குகிறது, ரிப்போர்ட்டில் ஹெபடைடிஸ் சி: கேள்வி பதில்

ஈரல் நோய்ப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கும் டாக்டர் நான். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி என்ற கிருமித் தொற்று பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்யாண வீடுகளிலிருந்து வந்தவை. நோய் பற்றிய பயமும் ரிசப்ஷன் கவலையும் ஒரே கடிதத்தில் கலந்திருந்ததால் நானும் பிரிக்காமலே பதில் சொல்கிறேன்.

எனக்கு 29 வயது. இரத்ததானம் செய்த இடத்திலிருந்து கூப்பிட்டு, 'ஹெச்.சி.வி. பாசிட்டிவ்' என்றார்கள். இன்னும் 2 மாதத்தில் கல்யாணம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. நிறுத்திவிட வேண்டியதுதானா டாக்டர்? (கோவை)

நிறுத்த வேண்டாம் தம்பி. ஹெச்.சி.வி. என்பது ஹெபடைடிஸ் சி கிருமியின் சுருக்கப் பெயர். இரத்த வங்கியில் பார்த்தது ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடும் பரிசோதனையாக இருக்கும். இந்தக் கிருமி என்றைக்கோ உங்கள் உடம்புக்குள் வந்து போயிருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும். தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய 100க்கு 30 பேருக்கு, மருந்தே இல்லாமல், 6 மாதத்துக்குள் உடம்பே கிருமியை விரட்டிவிடுகிறது. அவர்களுக்கும் ஆன்டிபாடி பாசிட்டிவாகத்தான் வரும். கிருமி இப்போது இருக்கிறதா என்று சொல்வது 'ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ.' என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை. முதலில் அதை எடுங்கள். அது வரும்வரை வீட்டில் யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

கிருமி இருக்கிறது என்று வந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை, அவ்வளவுதான். 100 பேருக்குக் கொடுத்தால் 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறார்கள். சர்க்கரை, பிரஷர் மாதிரி காலம் முழுக்க மாத்திரை போடும் வியாதி இல்லை இது. தேதியைத் தள்ள மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தாலி கட்டலாம்.

பையனுக்கு ஆர்.என்.ஏ.வும் பாசிட்டிவ். எப்படியும் குணமாகிவிடும் என்கிறீர்கள். அப்படியானால் பெண் வீட்டில் சொல்லாமலே முடித்துவிடலாமே? (மாப்பிள்ளையின் அம்மா, ஈரோடு)

அம்மா, பெண் வீட்டார் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சித்தப்பா, பெரியப்பா, ஒன்றுவிட்ட மாமா வரைக்கும் ரிப்போர்ட் போகத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால், உங்கள் மகன் வாயால். அலமாரியில் மாத்திரை டப்பாவைப் பார்த்து அவள் தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை உண்மை சொன்னாலும் காதில் ஏறாது. நோய் 3 மாதத்தில் போய்விடும், மறைத்தது போகாது.

எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இரண்டு பேரையும் சேர்த்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கேள்வி கேட்க அவளுக்கும் ஒரு இடம் கிடைக்கும். என் அறைக்கு அப்படி வந்த ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடணும் டாக்டர்? நான் ஞாபகப்படுத்துகிறேன்" என்பதுதான்.

கணவன் மனைவி உறவில் பரவுமா? குழந்தைக்கு வருமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டவர், மதுரை)

இரத்தத்தோடு இரத்தம் கலந்தால்தான் இது பரவும். ஒருவருக்கொருவர் மட்டுமே என்று வாழும் ஆண் பெண் தம்பதியரிடையே உறவு மூலம் பரவுவது மிக அரிது. ஆணுறை போட்டால் அந்தச் சிறிய வாய்ப்பும் குறையும். சிகிச்சை முடியும்வரை போடுங்கள் என்று நான் சொல்வதுண்டு, மனநிம்மதிக்காகவாவது. வீட்டில் கவனிக்க வேண்டியவை ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. இவை ஆளுக்கொன்று தனியாக இருக்கட்டும்.

கர்ப்பிணிக்குத் தொற்று இருந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 100க்கு 5, 6 அளவில். அதனால் பெண்ணுக்குத் தொற்று என்றால் முதலில் சிகிச்சை, பிறகு குழந்தை என்று திட்டமிடுவது நல்லது. ஏற்கெனவே உண்டாகிவிட்டால் பதற வேண்டாம். வழக்கமாகப் பிரசவம் முடிந்த பிறகு சிகிச்சை தொடங்குவார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம். மார்புக் காம்பு வெடித்து இரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு மாத்திரையோடு ரிபாவிரின் என்ற மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுவது கணவனா மனைவியா என்ற பேதமே இல்லை, சிகிச்சையின்போதும் முடிந்து குறைந்தது 6 மாதம் வரையிலும் கரு உண்டாகக் கூடாது. கருவுக்குக் கெடுதல். புதிதாகக் கல்யாணமானவர்கள் இதை டாக்டரிடம் தாங்களாகவே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

என் தங்கைக்கு இந்த நோய் இருக்கிறது. ரிசப்ஷன் பந்தியில் அவளுக்குத் தனி இலை, தனி டம்ளர் வைக்கலாமா என்று அத்தை கேட்கிறார். (தஞ்சாவூர்)

வைக்கக் கூடாது. சாப்பாடு, தண்ணீர், ஒரே தட்டு, கட்டிப்பிடிப்பது, இருமல், கொசு, இது எதிலும் ஹெபடைடிஸ் சி பரவாது. உங்கள் தங்கை எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவள் பரிமாறலாம், சமைக்கலாம், மணமக்களுக்கு ஊட்டிவிடலாம். காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் எல்லோரும் செய்வதுபோல் கழுவிக் கட்டுப்போட்டால் போதும். சொந்த வீட்டு விசேஷத்தில் ஒரு பெண்ணைத் தனி டம்ளரோடு உட்கார வைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அத்தையிடம் இதைப் பொறுமையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்லுங்கள்.

அத்தையின் பயம் முழுக்க ஆதாரம் இல்லாததும் அல்ல. சாப்பாட்டிலும் தண்ணீரிலும் பரவும் மஞ்சள் காமாலை உண்டு. அது ஹெபடைடிஸ் ஏ, இ என்ற வேறு கிருமிகளால் வருவது. கல்யாண வீட்டில் காவல் போட வேண்டியது அங்கேதான். சமையல்காரரிடம் மெனு பேசும்போது, வரவேற்பு ஜூஸில் போடும் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மீனைக் கெடாமல் வைக்கப் பாளம் பாளமாக வரும் ஐஸை உடைத்து ஜூஸில் போட்டால், அடுப்பில் எவ்வளவு சுத்தமாகச் சமைத்தும் பிரயோஜனமில்லை. கொதிக்காத பொருள்கள்தான் ஆபத்து: ஐஸ், தேங்காய்ச் சட்னியில் கடைசியில் ஊற்றும் தண்ணீர், தயிர்ப் பச்சடி, நறுக்கி வைத்த பழம், பானிபூரி கடையின் புளித்தண்ணீர். கேன் தண்ணீர் பந்திக்கு மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், சமையல்கட்டில் சட்னிக்கும் ஜூஸுக்கும் சேர்த்தே கணக்குப் போட்டு வாங்குங்கள். பரிமாறுகிறவர்கள் கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று ஒருவரைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெபடைடிஸ் ஏ உள்ளே போய் 2 வாரத்திலிருந்து 7 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளிப்படும். விருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து ஊருக்கு ஒருவராகப் படுத்தால், காரணம் அன்றைய ஜூஸ் என்று யாருக்கும் தோன்றாது.

மாப்பிள்ளை நான்தான். 7ஆவது வாரம் மாத்திரை ஓடுகிறது, கொஞ்சம் அசதி இருக்கிறது. ரிசப்ஷனில் 3 மணி நேரம் நிற்க வேண்டுமே? (சேலம்)

இந்த மாத்திரைகளில் அசதி, லேசான தலைவலி, குமட்டல் வரலாம். பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் நோய் இருக்கிறதோ இல்லையோ, 3 மணி நேரம் மேடையில் ஆணி அடித்த மாதிரி மணமக்களை நிற்க வைப்பது தப்பு. ரிசப்ஷன் அவர்களுக்காகத்தானே?

சில ஏற்பாடுகள் சொல்கிறேன். பத்திரிகையில் 6.30 என்று போட்டால் 6.30க்கு மேடை ஏறுங்கள். அலங்காரம் முடியாமல் 8 மணிக்கு ஏறினால் ஒன்றரை மணி நேரக் கூட்டமும் ஒரே வரிசையில் சேர்ந்துவிடும், பிறகு யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. மேடை ஏறுவதற்கு முன்னால் இருவரும் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள், டிபன் ஆனாலும் சரி. கடைசிப் பந்தி வரை காய்ந்து நிற்பதுதான் பலருக்கும் மயக்கம் வரக் காரணம். முக்கால் மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் வரிசையை நிறுத்திவிட்டு இருவரும் உட்காருங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பாடவோ ஆடவோ விட்டால் வந்தவர்களுக்கும் அலுப்புத் தட்டாது. வரிசையை நிறுத்தத் தைரியமான ஒரு மாமா வேண்டும், முன்கூட்டியே ஆளைப் பிடித்து வையுங்கள். வயதானவர்கள் மேடைப்படி ஏற வேண்டாம், அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நீங்கள் இருவரும் இறங்கிப்போய் ஆசீர்வாதம் வாங்குங்கள். அதை அவர்கள் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஸ்பீக்கரைப் பந்தி ஹாலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பல வருடம் கழித்துச் சந்திக்கும் சொந்தங்கள் பேசிக்கொள்ள வேண்டாமா?

மாத்திரையைத் தினமும் சாப்பிடும் அதே நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கல்யாண நாள் என்று விடாதீர்கள். நண்பர் ஒருவர் போனில் அலாரம் இருக்கட்டும். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் என்று மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் வேண்டாம். உங்கள் மாத்திரையில் வெல்பாடாஸ்விர் என்ற மருந்து சேர்ந்திருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து அதை உடம்பில் ஏறவிடாது. டாக்டரைக் கேட்டுவிட்டு மட்டும்.

முகூர்த்தத்துக்கு முன்னால் பார்லர், சலூன், மூக்குத்தி எல்லாம் இருக்கிறதே? (மணமகள், திருநெல்வேலி)

மருதாணியிலும் மேக்கப்பிலும் இந்தக் கிருமி பற்றிய பயமில்லை. தோலைத் துளைக்கும் விஷயங்களில்தான் கவனம். மூக்கு, காது குத்த, பச்சை குத்த, உங்கள் கண் முன்னால் உறை பிரித்த புது ஊசி. பச்சை குத்தும்போது மை ஊற்றும் கிண்ணமும் புதிதாக இருக்க வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. சலூனில் புது பிளேடு. "பிளேடு மாத்துங்கண்ணே" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நண்பர்களுக்கு பார்ட்டி. ஒரே ஒரு பீர்?

வேண்டாம். தொற்று இருக்கும் ஈரலில் தழும்பு விழுவதை மது வேகப்படுத்தும்.

மாத்திரைக்குப் பதில் கீழாநெல்லி சாப்பிட்டால் போதும் என்கிறார்கள். (விழுப்புரம்)

கீழாநெல்லியை நான் கேலி செய்ய மாட்டேன். அதன் இனத்துச் செடி ஒன்று ஹெபடைடிஸ் பி கிருமியைக் குறைப்பதாகச் சென்னையில் நடந்த ஆய்வு 1988இல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. ஆனால் பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் உறுதியாகவில்லை. அதுவும் பி கிருமிக்கு, சி-க்கு அல்ல. சி கிருமியைக் கீழாநெல்லி ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. காமாலை தானாக வடியும் நோய்களில் எதைக் குடித்தாலும் அதுதான் குணமாக்கியதாகத் தோன்றும். சி-யில் காமாலையே பெரும்பாலும் வராது, சத்தமில்லாமல் 20 வருடம் ஈரலை அரிக்கும். அப்படி நீண்ட நாள் தங்கியவர்களில் 100க்கு 15 முதல் 30 பேருக்கு 20 வருடத்தில் ஈரல் சுருங்கிவிடுகிறது. குணமாக்கும் மருந்து கையில் இருக்கும்போது அந்தக் காலத்தை வீணாக்காதீர்கள்.

என் மாமா முன்பு ஊசி போட்டுக்கொண்டு ஒரு வருடம் படாதபாடு பட்டார். செலவும் லட்சக்கணக்கில். இப்போதும் அப்படித்தானா? (நாகப்பட்டினம்)

இல்லை. அது இன்டர்ஃபெரான் ஊசிக் காலம். ஒவ்வொரு ஊசிக்கும் காய்ச்சல், மனச்சோர்வு, முடி கொட்டல், அப்படியும் பாதிப்பேருக்குத்தான் குணம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற ஹெபடைடிஸ் சி மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அப்போது அங்கே ஒரு மாத்திரை 1000 டாலர்! 2014இல் இந்தியக் கம்பெனிகளுக்கு அதைத் தயாரிக்க உரிமம் கிடைத்து, இங்கே விலை பல மடங்கு இறங்கியது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருந்தால், சி போகும்போது பி தலைதூக்கலாம். பி இல்லையென்றால் தம்பதியர் இருவருமே அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சி-க்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

எந்தத் தப்பும் செய்யாத என் அம்மாவுக்கு எப்படி வந்தது? அவர் ரிசப்ஷனுக்கே வரமாட்டேன் என்கிறார். 1994இல் ஆபரேஷன், இரத்தம் ஏற்றினார்கள். (மணமகளின் அண்ணன், வேலூர்)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். இந்தியாவில் எல்லா இரத்தப் பைகளிலும் இதைப் பரிசோதிப்பது கட்டாயமானது 2001-02 வாக்கில். அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்ட எல்லோருமே ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

எகிப்தைப் பாருங்கள். அங்கே நத்தைக் காய்ச்சல் எனப்படும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க அரசாங்கமே 1950களிலிருந்து 80கள் வரை ஊர் ஊராக ஊசி போட்டது. ஊசிகளைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதில், உலகிலேயே ஹெபடைடிஸ் சி மிக அதிகமுள்ள நாடாக ஆனது. அத்தனை கிராமத்து ஜனங்களும் என்ன தப்பு செய்தார்கள்? அதே நாடு பின்னர் கோடிக்கணக்கானவர்களைப் பரிசோதித்து, இலவச மாத்திரை கொடுத்து, 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டையும் வாங்கியது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ரிசப்ஷனில் வாசலில் சந்தனத் தட்டோடு நிற்க வேண்டியவர் அவர்தான். முகூர்த்தத்துக்கு முன்பே ஈரல் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். இத்தனை வருடத்தில் ஈரல் சுருங்கியிருந்தால், கிருமி போன பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் மறுபடி பாசிட்டிவ் என்கிறார்கள். திரும்ப வந்துவிட்டதா? (இராமநாதபுரம்)

அவர்கள் பார்த்தது ஆன்டிபாடியாக இருக்கும். குணமான பிறகும் அது வருடக்கணக்கில் இருக்கும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்திருந்தால் நீங்கள் குணமானவர். இப்போது ஒருமுறை புதிதாக ஆர்.என்.ஏ. எடுத்து, பழைய ரிப்போர்ட்டோடும் டாக்டர் கடிதத்தோடும் அங்கே காட்டுங்கள். குணமானவருக்கும் மறுபடி தொற்று வர முடியும், அதனால் ஊசி, பிளேடு விஷயத்தில் கவனம் தொடரட்டும். அந்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாமல் நாலு ஜெராக்ஸ் எடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். லேமினேட் செய்த தாளில் சீல் குத்த முடியாது.