விரலில் 98 காட்டுகிறது, ஆனாலும் மூச்சு வாங்குகிறதே?

ரத்தச் சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் பற்றி பினாங்கு, கோலாலம்பூர் நண்பர்கள் கேட்ட கேள்விகளும், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றும் நம் உறுப்பினர் தந்த பதில்களும்.

கேள்வி (ஜெலுத்தோங்): அக்கா, அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.2. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. ஆனா விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் 98 காட்டுது. மெஷின் கோளாறா?

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்ஸிஜனால் நிரம்பியிருக்கிறது என்றுதான் அது காட்டும்; ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது. பட்டர்வொர்த் ஃபெரியில் 98 விழுக்காடு இருக்கை நிரம்பியது என்று சொன்னால், அன்றைக்கு எத்தனை ஃபெரி ஓடியது என்று தெரியாதல்லவா? அதுபோலத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிராம் ஹீமோகுளோபின் முழுதாக நிரம்பினால் சுமார் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைப் பிடிக்கும். ஹீமோகுளோபின் 15 (100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம்) உள்ளவருக்கு 15 × 1.34 × 0.98, அதாவது 100 மி.லி. ரத்தத்தில் 19.7 மி.லி. ஆக்ஸிஜன். அம்மாவுக்கு அதே கணக்கில் 9.5 மி.லி. ரத்த நீரில் நேரடியாகக் கரைந்திருப்பது வெறும் 0.3 மி.லி.தான், அதை நம்பி உடம்பு ஓடாது.

சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ஆக்ஸிஜன் செலவாகும். இதயம் 5 லிட்டர் ரத்தம் தள்ளினால் மற்றவர்களுக்கு ஏறக்குறைய 1,000 மி.லி. போய்ச் சேரும், கால் பங்குதான் செலவு. அம்மாவுக்குப் போவது 470 சொச்சம். பாதிக்கு மேல் உட்கார்ந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. படி ஏற மிச்சம் எங்கே? அதை ஈடுகட்டத்தான் இதயம் படபடவென்று அடிக்கிறது.

7.2 என்பது முருங்கைக்கீரையால் தேற்றும் அளவு அல்ல. ஹீமோகுளோபின் ஏன் குறைந்தது என்று டாக்டர் தேடியாக வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், கறுப்பு மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே கூட்டிப் போங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், ஆறாம் படிவம்): இரும்பு ஆக்ஸிஜனோட சேர்ந்தா துருப்பிடிக்கணுமே, ஏன் பிடிக்கல? ஆக்ஸிஜன் அழுத்தம் கூடக் கூட ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்புதுன்னு காட்டுற அந்த வளைவு ஏன் எஸ் வடிவத்துல இருக்கு?

துருப்பிடிக்க இரும்பு இன்னொரு எலெக்ட்ரானை இழந்து மூன்று இணைதிற நிலைக்குப் போக வேண்டும். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீம் தனியாக நீரில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். குளோபின் புரதம் ஒவ்வொரு ஹீமையும் தனித்தனிக் குழிக்குள் அடைத்து வைத்திருப்பதால் ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது, பிறகு அப்படியே கழன்றும் போகிறது. அப்படியும் நாள்தோறும் கொஞ்சம் கெட்டு மெத்ஹீமோகுளோபின் ஆகும். அது ஆக்ஸிஜனைச் சுமக்காது. சிவப்பணுவில் உள்ள நொதி அதை உடனுக்குடன் மீட்டு 1 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கிறது.

வளைவுக்குக் காரணம் ஹீமோகுளோபினின் நான்கு புரதச் சங்கிலிகள்: ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஆக்ஸிஜன் இல்லாதபோது இரும்பு, ஹீம் தளத்திலிருந்து சற்று விலகி நிற்கும். ஆக்ஸிஜன் ஒட்டியதும் உள்ளே இழுபடும். தன்னோடு பிணைந்த ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தையும் இழுக்கும். அந்த அசைவு பக்கத்துச் சங்கிலிகளுக்கும் பரவி, அடுத்த ஆக்ஸிஜன் ஏறுவது எளிதாகிறது. இந்த அமைப்பைக் கண்டறிந்த மேக்ஸ் பெரூட்ஸ், ஜான் கென்ட்ரூவுடன் 1962இல் வேதியியல் நோபல் பெற்றார்.

எண்களை மனத்தில் வையுங்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசமாக இருந்தால் நிறைவு சுமார் 97 விழுக்காடு; 60 என்றால் 90; 40 என்றால் 75; 27 என்றால் 50. மேலே சமதளம், 60க்குக் கீழே செங்குத்து. நுரையீரலில் அழுத்தம் ஓரளவு குறைந்தாலும் ஏற்றுவது கெடாது. திசுவில் சிறிது குறைந்தாலே நிறைய இறங்கிவிடும். தசையிலுள்ள மையோகுளோபினுக்கு ஒரே சங்கிலிதான். 40இல்கூட அது 90க்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அது ஓடினால் நுரையீரலில் ஏற்றியதை இறக்கவே இறக்காது.

வேலை செய்யும் தசையில் கரியமில வாயு, அமிலம், சூடு மூன்றும் கூடும். மூன்றுமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். கரியமில வாயுவின் பங்கை 1904இல் காட்டியவர் கிறிஸ்டியன் போர். தேர்வில் ‘வளைவு வலப்பக்கம் நகர்கிறது’ என்று வந்தால் பிடி தளர்கிறது என்று பொருள். நிறையப் பேர் இதை மாற்றி எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): வணக்கம்மா. கெந்திங் மலைக்குப் போனால் ஆக்ஸிமீட்டர் எண் இறங்குமா?

ஐயா, கெந்திங் சுமார் 1,800 மீட்டர். வளைவின் சமதளத்தில்தான் இருப்பீர்கள். ஓரிரண்டு புள்ளி குறையலாம், அவ்வளவே. கினபாலு உச்சி, 4,095 மீட்டர், வேறு கதை. அங்கே நலமானவருக்கும் 80களில் காட்டும். இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

கேள்வி (கெப்போங்): கார்ல ஏர்கோன் போட்டுட்டுத் தூங்குறது ஏன் ஆபத்து?

ஏர்கோன் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்தான் காரணம். புகையில் கார்பன் மோனாக்சைடு வரும், மணமே இருக்காது. அது ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடிக்கும். இருக்கும் இடத்தைப் பறிப்பதோடு நிற்காமல், மீதி ஹீம்களில் உள்ள ஆக்ஸிஜனையும் திசுவில் இறங்கவிடாமல் செய்துவிடும். அதனால் பாதி ஹீமோகுளோபின் போன ரத்தசோகையைவிடப் பாதி ஹீமோகுளோபினில் இந்த வாயு ஏறுவது மிக மோசம்.

விரல் ஆக்ஸிமீட்டர் இங்கே ஏமாற்றும். இந்த வாயு பிடித்த ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜன் என்றே எண்ணி 98 காட்டும். மூடிய அறையில் கரி அடுப்பு, வீட்டுக்குள் ஜெனரேட்டர் எல்லாம் இதே ஆபத்துதான். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 999ஐ அழையுங்கள். வெறும் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் பிடிக்கும். மருத்துவமனையில் முகமூடி வழியே முழு ஆக்ஸிஜன் தந்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

கேள்வி (செந்தூல்): மருதாணி போட்ட விரல்ல பார்க்கலாமா?

சிவப்பு மருதாணி பெரிதாகக் கெடுக்காது. கறுப்பு மருதாணியும் அடர்நிற நகப்பூச்சும் கெடுக்கும். கருவி 660, 940 நானோமீட்டர் ஒளிகளை விரலுக்குள் பாய்ச்சித்தான் கணிக்கிறது. கையைச் சூடாக்கி, 5 நிமிடம் உட்கார்ந்து, நடுவிரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். 2, 3 புள்ளி பிசகு எப்போதும் உண்டு. கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கும் உண்டு; நமக்கு இது முக்கியம். மூச்சுத் திணறும்போது 94ஐப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): மூன்று மாசமா இரும்பு மாத்திரை சாப்பிடுறேன், ஹீமோகுளோபின் 10.5லேயே நிக்குது.

முதலில் எதோடு விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். தே தாரேக் (பால் தேநீர்), காப்பி, பால், கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மாத்திரைக்குப் பின் இரண்டு மணி நேரம் விடுங்கள். சரியாகச் சாப்பிட்டால் மூன்று, நான்கு வாரத்தில் 1 முதல் 2 கிராம் ஏற வேண்டும்.

ஏறவில்லை என்றால் ரத்தப்போக்கு தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இது இரும்புக்குறையாகவே இல்லாமல் இருக்கலாம். அறிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80க்குக் கீழே, எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் சராசரி அளவு) 27க்குக் கீழே இருந்து, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் சரியாக இருந்தால் தலசீமியா மரபு, அதாவது ஹீமோகுளோபின் சங்கிலி சரியாக உருவாகாத பரம்பரைக் குறை, இருக்கலாம். நம் நாட்டில் மாணவர்களுக்கு இதைப் பள்ளியிலேயே பார்ப்பது வீணுக்கல்ல. அப்படியானால் மேலும் இரும்பு விழுங்கிப் பயனில்லை. ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் முதலில் இரும்பை நிரப்பிவிட்டு அப்புறம் தலசீமியா பரிசோதனை செய்யுங்கள். இரும்புக்குறை இருக்கும்போது, பரிசோதனையில் பார்க்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு இறங்கி, பீட்டா தலசீமியா மரபு கண்ணில் படாமல் போய்விடலாம்.